மரத்துப் போவது வேறு, மயங்குவது வேறு

பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் பெண்ணின் தாயார் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மருத்துவர் வேலைக்கிடையே சொல்லும் சொற்கள் மகளுக்கு விளங்கவில்லையாம். திரும்பத் திரும்பக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறதாம். குறிப்பாக ஊசி, மயக்கம், மரப்பு தொடர்பான சொற்களைத் தமிழில் விளக்கி எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி அந்தப் பெண்ணுக்காகக் கேட்கப்பட்டதுதான். ஆயினும் அச்சொற்கள் யாருடைய தலைக்கு மேலாகப் பேசப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருப்பவர் நீங்கள். அல்லது உங்கள் பிள்ளை. ஆகவே இம்மாதப் பகுதியை அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் பொதுவாகவே எழுதுகிறோம்.

முதலில் நம் தமிழிலேயே உள்ள ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடும் ஊசியையும் 'மயக்க ஊசி' என்கிறோம். அறுவைக் கூடத்தில் நினைவே இல்லாமல் தூங்கச் செய்வதையும் 'மயக்கம் கொடுத்தார்கள்' என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. முன்னது மரப்பு: ஓரிடம் மட்டும் உணர்விழக்கும்; ஆள் விழித்திருப்பார், பேசுவார், எல்லாம் கேட்கும். பின்னது மயக்கம்: மூளையே உறங்கும். மருத்துவர்கள் முன்னதை லோக்கல் என்றும், பின்னதை ஜெனரல் என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்கள் முன்னதை 'விறைப்பு ஊசி' என்கிறார்கள். நம்மிடமும் 'மரப்பு ஊசி' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பழக்கத்திற்குக் கொண்டுவருவது நல்லது.

சொல் குழம்பினால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பீர்கள். மரப்பு ஊசிக்கு வருகிறவர் 'மயக்க ஊசி' என்று கேள்விப்பட்டுக் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் வந்து அமர்கிறார். ஊசியைக் கண்டதும் தலை சுற்றி விழுகிறார். இதற்கு மாறாக, முழு மயக்கத்தில் பல சொத்தைப் பற்களை ஒரே நாளில் சரிசெய்வதற்கென்று அழைத்து வரப்பட்ட குழந்தைக்கு, 'பல்லுக்கு ஊசிதானே' என்று எண்ணி வீட்டில் பால் புகட்டி அனுப்பிவிடுகிறார்கள். முதலாமவர் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார். இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து உண்டு. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறோம்.

அனஸ்தீசியா என்பது கிரேக்கச் சொல். 'அன்' என்றால் இல்லாமை. 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்வு. உணர்வின்மை என்பதே பொருள். இச்சொல் மருத்துவ வழக்கிற்கு வந்த கதையில் பல் மருத்துவர்களுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ், 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்துக்கொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொல்லி, அதற்கு வலி தணிக்கும் ஆற்றல் உண்டு என்று கண்டார். ஆனால் 1845இல் பாஸ்டனில் பலர் முன்னிலையில் செய்து காட்டியபோது நோயாளி குரல் எழுப்பிவிட, கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். மறு ஆண்டு, 1846 அக்டோபர் 16 அன்று, அதே பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர் ஈதரைக் கொடுக்க, அறுவை மருத்துவர் வாரன் ஒருவரின் கழுத்துக் கட்டியை அகற்றினார். சில வாரங்களில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் மார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில், இந்நிலைக்கு 'அனஸ்தீசியா' என்று பெயரிடலாம் எனப் பரிந்துரைத்தார். ஆக, உங்கள் மகள் வேலை செய்யும் துறையிலிருந்துதான் இச்சொல் உலகெங்கும் உள்ள அறுவைக் கூடங்களுக்குப் போயிற்று எனலாம்.

இனி மரப்பு மருந்துகளின் பெயர்கள். பெரும்பாலானவை 'கெய்ன்' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஈறு கொக்கெய்ன் என்பதிலிருந்து வந்தது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்பவர் கண் அறுவைக்கு அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார். அது போதைப் பழக்கத்தில் தள்ளும் பொருள் என்பதால் மாற்று தேடப்பட்டது. 1905 அளவில் நோவோகெய்ன் வந்தது. 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெய்னை உருவாக்கினார். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம்மூர்ப் பல் மருத்துவமனைகளில் பெரிதும் கையாளப்படுவது இதுவே. இதில் போதை ஏதும் இல்லை. லிக்னோகெய்ன், லிடோகெய்ன், சைலோகெய்ன் என்று மூன்று பெயர்களைக் கேட்டுப் புதிதாகச் சேர்ந்தோர் திகைப்பர். மூன்றும் ஒன்றே: முதலாவது பழைய பிரிட்டிஷ் வழக்கு, இரண்டாவது அமெரிக்க வழக்கு, மூன்றாவது வணிகப் பெயர்.

மருந்தின் மேற்சீட்டில் '2%' என்றும் '1:80,000' என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டு விழுக்காடு என்றால் ஒரு மில்லி லிட்டரில் 20 மில்லி கிராம் லிக்னோகெய்ன். அடுத்த எண் அட்ரினலினுக்கு உரியது: 80,000 மில்லி லிட்டரில் ஒரு கிராம், அதாவது மிக மிகச் சிறிய அளவு. மரப்பு மருந்தோடு இதை ஏன் சேர்க்க வேண்டும்? லிக்னோகெய்ன் தானாகவே இரத்தக் குழாய்களை விரியச் செய்யும்; மருந்து விரைவாக இரத்தத்தோடு போய்விடும். அட்ரினலின் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கும். மரப்பு நீடிக்கும், குருதிக் கசிவும் குறையும்.

ஆனால் சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. 'எனக்கு இந்த ஊசி ஒத்துக்கொள்வதில்லை, அலர்ஜி' என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம் குடும்பங்களில் ஒருவராவது இருப்பார். அவரை அன்போடு விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது அட்ரினலினால் வந்த படபடப்பாகவோ, அச்சத்தால் வந்த தலைசுற்றலாகவோ இருக்கும். லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அரிது. அலர்ஜி என்றால் உடலெங்கும் தடிப்பு, அரிப்பு, முகமும் உதடும் வீங்குதல், மூச்சுத் திணறல் போன்றவை. இவை இருந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இல்லாமலே 'அலர்ஜி' என்று எழுதிவைத்தால், பின்னாளில் நல்ல மருந்து ஒன்று காரணமின்றி மறுக்கப்படும். 'என்ன நடந்தது' என்பதை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பெயர் வைக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

அச்சத்தால் நினைவிழந்து விழுவதற்கு 'சிங்கோப்' என்று பெயர். பல் நாற்காலியில் நேரும் அவசர நிலைகளில் மிகவும் அடிக்கடி வருவது இதுவே. முகம் வெளுக்கும், வியர்க்கும், கொட்டாவி வரும், வயிற்றைப் புரட்டும். நாடி தளர்ந்து மூளைக்கு இரத்தம் குறைவதே காரணம். நாற்காலியைக் கிடையாகச் சாய்த்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலோர் உடனே தெளிந்துவிடுவர். நிறைமாதக் கர்ப்பிணியாயின் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். நினைவு முற்றிலும் திரும்புமுன் வாயில் தண்ணீர் ஊற்றுவது கூடாது. உதவியாளப் பெண்ணே, மருத்துவர் குனிந்து வாயைப் பார்க்கையில் நோயாளியின் முகத்தைப் பார்க்கக்கூடியவள் நீ ஒருத்திதான். முதல் வெளுப்பைக் காண்பது உன் கண்ணாகத்தான் இருக்கும்.

அளவு பற்றி ஒரு சொல். 'ஒரு ஊசிதானே' என்று நாம் நினைப்பதைப் பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர் கணக்குப் போட்டே முடிவு செய்கிறார். குழந்தைகளுக்கு லிக்னோகெய்னின் உச்ச அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.4 மில்லி கிராம் என்று கொள்வது வழக்கம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 66 மில்லி கிராம். 1.8 மில்லி லிட்டர் கொண்ட ஒரு மருந்துக் குழலில் 36 மில்லி கிராம் இருக்கும். இரண்டு குழலை முழுமையாகச் செலுத்தினாலே 72, வரம்பு தாண்டிவிடும். 'பிள்ளை என்ன எடை?' என்று கேட்கும்போது உத்தேசமாக ஏதோ ஒன்றைச் சொல்லாதீர்கள். எடை பார்க்கும் கருவி அங்கேயே இருக்கும், நிறுத்திக் காட்டுங்கள்.

'இன்ஃபில்ட்ரேஷன்', 'பிளாக்' என்ற இரு சொற்களும் அடிக்கடி காதில் விழும. முன்னது பல்லின் வேர் நுனிக்கருகே மருந்தை ஊறவிடுவது. மேல்தாடை எலும்பு துளைகள் மிகுந்தது. மருந்து எளிதாக ஊறிச் செல்லும். பெரியவர்களின் கீழ்த்தாடை எலும்பு தடித்தது. அங்கே ஊறல் பலிக்காது. எனவே தாடையின் உள்ளே நுழையும் நரம்பையே அதன் வாயிலில் மறிக்கிறார்கள். அதுதான் நரம்பு மறிப்பு, பிளாக். ஒரே ஊசியில் அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்களும் பாதி உதடும் மரத்துவிடும். 'உதடு தடித்தாற்போல் இருக்கிறதா?' என்று மருத்துவர் கேட்பது இதைச் சோதிக்கத்தான்.

சீழ் கட்டிய பல்லுக்கு மரப்பு சரியாக ஏறாது. சீழ் பிடித்த இடம் அமிலத் தன்மை அடைவதால் மருந்து நரம்பினுள் நுழைய முடியாமல் போகிறது. 'முதலில் மாத்திரை சாப்பிடுங்கள், பிறகு பிடுங்கலாம்' என்று அனுப்பும் மருத்துவரைப் பணம் பறிக்கிறார் என்று நம்மவர்கள் ஏசுவதுண்டு. அந்த ஏச்சு நியாயமில்லை.

இப்போது மிக முக்கியமான சொல்லுக்கு வருகிறோம்: 'ஆஸ்பிரேஷன்'. பல் மருத்துவமனையில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊசி முனையைச் செருகியதும் மருந்தைச் செலுத்துமுன் பின்னால் சற்று இழுத்துப் பார்க்கிறார்களே, அது ஒன்று. குழலில் இரத்தம் வந்தால் முனை இரத்தக் குழாயில் இருக்கிறது என்று பொருள், இடத்தை மாற்றுவார்கள். இது பாதுகாப்பான செயல். மற்றொன்று, வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக் குழாய் வழியாக நுரையீரலுக்குள் புகுவது. இது பேராபத்து. ஒரே சொல் காப்பையும் குறிக்கிறது, கேட்டையும் குறிக்கிறது. புதிய உதவியாளர் எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று அறிந்திருக்க வேண்டும்.

விழித்திருக்கும்போது நமக்குப் புரை ஏறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். முழு மயக்கத்தில் அந்த இருமல் இல்லை. தொண்டையின் காவல் முழுவதும் தளர்ந்துவிடுகிறது. அந்நேரம் வயிற்றில் பால் இருந்து அது மேலேறினால் தடுக்க ஒன்றுமில்லை. பாலும் இரைப்பை அமிலமும் நுரையீரலில் புகுந்தால் மூச்சு நின்றுபோகலாம். பிழைத்தாலும் கடுமையான நுரையீரல் அழற்சி வரலாம். இதற்காகவே 'என்.பி.ஓ.' என்று சீட்டில் எழுதுகிறார்கள். லத்தீன் மொழியில் 'நில் பெர் ஓஸ்'. வாய் வழியாக ஒன்றும் வேண்டாம் என்று பொருள்.

அந்த 'ஒன்றும்' என்பதற்குக் கணக்கு உண்டு. மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீர்மங்கள் குடிக்கலாம்: தண்ணீர், சக்கையில்லாத பழச்சாறு, பால் சேர்க்காத தேநீர். தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம். மாட்டுப்பால், மாவுப்பால், இலேசான உணவு ஆகியவற்றுக்கு ஆறு மணி நேரம். எண்ணெயில் பொரித்தது, இறைச்சி போன்றவற்றுக்கு எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். உங்கள் மயக்க மருத்துவர் இதனினும் கூடுதலாகச் சொன்னால் அவர் சொன்னதே முடிவு.

இங்கே தவறுவது எங்கே என்றால், பாலை நாம் உணவாகக் கருதுவதில்லை. 'பிள்ளை எதுவும் சாப்பிடவில்லை, கொஞ்சம் பால்தான்' என்போம். வயிற்றைப் பொறுத்தவரை பால் தண்ணீரல்ல. அங்கே திரிந்து கட்டியாகிவிடும். அழுகின்ற பேரனைப் பொறுக்கமாட்டாமல், மருமகளுக்குத் தெரியாமல் இரண்டு பிஸ்கட்டைப் பாலில் தொட்டு ஊட்டிவிடும் பாட்டிமார்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அன்புதான் காரணம், ஐயமில்லை. ஆகவே முந்திய இரவே வீட்டில் எல்லாரையும், முக்கியமாக உம்மம்மாவை, அமர்த்திக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். 'கொடுக்காதீர்கள்' என்ற கட்டளையைவிட, 'மயக்கத்தில் இருமல் வராது, பால் மூச்சில் போய்விடும்' என்ற விளக்கம் நன்றாக வேலை செய்யும். அப்படியும் ஊட்டிவிட்டால், மருத்துவமனையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளிப்போகும்; ஏச்சு விழும். அவ்வளவுதான். ஏச்சுக்கு அஞ்சி 'ஒன்றும் கொடுக்கவில்லை' என்று சொல்லும் அந்த ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க மருத்துவரிடம் எளிய கருவி ஏதும் இல்லை.

மரப்பு ஊசிக்கோ இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. மாறாக, உண்டுவிட்டுப் போவதே நன்று. வாய் மரத்த பிறகு சில மணி நேரம் சரியாக மெல்ல முடியாது. சர்க்கரை நோயாளி இன்சுலினைப் போட்டுக்கொண்டு, உண்ணாமல் போய், பிறகும் உண்ண முடியாமல் இருந்தால் 'ஹைப்போகிளைசீமியா' வரும். 'ஹைப்போ' என்றால் குறைவு, 'ஹைப்பர்' என்றால் மிகுதி. காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டுவிட்டால் வைத்தியமே தலைகீழாகும். எனவே உதவியாளர் ஐயமிருந்தால் 'சர்க்கரை குறைந்ததா, கூடியதா?' என்று தமிழிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ரமலானில் பல்வலி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானம், தொண்டைக்குள் இறங்கியதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் பல்லைத் துளையிடுவதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும் நோன்பை முறிக்காது என்றும், ஊட்டம் தரும் நீர்மங்கள் நீங்கலான சிகிச்சை ஊசிகளும் முறிக்காது என்றும் கூறுகிறது. தள்ளிவைப்பதால் தீங்கில்லாத சிகிச்சையை நோன்பு திறந்த பின் செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தவும் செய்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவ நோக்கில் பார்த்தாலும் இரவு நேரமே ஏற்றது. வெறும் வயிற்றில் தலைசுற்றல் வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

மரப்புக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே 'செடேஷன்' என்று ஒன்று உண்டு. அமைதியூட்டல் எனலாம். இலேசு, நடுத்தரம், ஆழம் என்று அதில் படிகள் இருக்கின்றன. நடுத்தரத்தில் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறப்பார். ஆழத்தில் பலமுறை தட்டி எழுப்ப வேண்டும். இப்படிகளுக்கு இடையே சுவர் இல்லை. நடுத்தரம் என்று தொடங்கியது தானே ஆழத்துக்கு நழுவிவிடலாம். இடைவிடாத கண்காணிப்பு அதனால்தான். மிடசோலம் என்ற மருந்து கொடுத்தால், அதை முறிக்கும் ஃப்ளூமசெனில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இப்பணிக்கு உதவும் பல் உதவியாளர்களுக்கென்றே வாய், முக அறுவை மருத்துவர் சங்கம் தனித் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது.

திரையில் ஓடும் எண்களில் ஒன்றை நீங்கள் முன்பே அறிவீர்கள். 2020இல் கொரோனா வந்தபோது விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே ஆக்சிஜன் அளவுதான். மற்றொன்று நாடித் துடிப்பு. 'டாக்கி' என்று தொடங்கினால் வேகம். 'பிராடி' என்று தொடங்கினால் மந்தம். குழந்தைக்கு மயக்கத்தில் நாடி மந்தமானால் முதலில் மூச்சைத்தான் பார்ப்பார்கள். ஆக்சிஜன் குறைவே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

வீட்டுக்குத் திரும்பிய பின் சில எச்சரிக்கைகள். பல்லின் மரப்பு ஒரு மணி நேரத்தில் குறைந்தாலும், உதடும் கன்னமும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை மரத்தே இருக்கலாம். சிறு பிள்ளைகள் அந்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் வீங்கிய உதட்டைக் கண்டு 'ஊசி விஷமாகிவிட்டது' என்று வீடே பதறும். மரப்பு நீங்கும்வரை மெல்லும் உணவும் சூடான பானமும் கொடுக்காமல், பிள்ளையைக் கண்ணெதிரே வைத்திருங்கள். செடேஷனோ முழு மயக்கமோ பெற்ற பெரியவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதும், பத்திரங்களில் கையெழுத்திடுவதும் கூடாது. உடன் ஒருவர் இருக்க வேண்டும்.

பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவும் மரப்புக் களிம்பு பற்றியும் கேட்பவர்கள் உண்டு. அதன் உறையில் 'பென்சோகெய்ன்' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்யும் அரிய, ஆனால் உயிருக்கு ஆபத்தான விளைவு அதனால் நேரக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. பல் முளைக்கும் வலிக்குச் சுத்தமான விரலால் ஈறை மெல்ல நீவிவிடுவதும், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பதும் போதும்.